இளவயதில் ஸ்போர்ட்ஸ் கார்: கையைக் கடிக்காமல் இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி?

போன மாங்காய் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காவேரிப்பட்டணத்துப் பையன் ஒருவன் கிருஷ்ணகிரியில் இருக்கும் என் கடைக்கு வந்தான். வயது 23, ஓசூரில் வேலை. போனை நீட்டினான். பெங்களூரில் விற்பனைக்கு நிற்கும் ஒரு சிவப்பு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். "அண்ணா, வண்டி பேசி முடிச்சாச்சு, நாளைக்கு அட்வான்ஸ். இன்சூரன்ஸ் மட்டும் கம்மியா போட்டுக் குடுங்க" என்றான்.

கணக்குப் போட்டு, கால்குலேட்டரை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். ஐம்பதாயிரத்து எழுநூறு. அவன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு வருஷத்துக்கா?"

ஒரு வருடத்துக்குத்தான். இதில் ஏஜெண்ட் என்ற முறையில் நான் குறைத்துத் தரக்கூடியது கொஞ்சம்தான். பிரீமியத்தின் பெரும் பகுதியை முடிவு செய்வது காரின் இஞ்சின், காரின் மதிப்பு, ஆர்சி யார் பெயரில் இருக்கிறது என்பது, அந்தப் பெயருக்கு இருக்கும் நோ கிளைம் போனஸ் (கிளைம் இல்லாமல் ஓட்டியதற்கான தள்ளுபடி), இவைதான். இவை எல்லாமே கார் வாங்கும் நேரத்தில் உறைந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டி, காரை வாங்குவதற்கு முன்னாலிருந்தே தொடங்குகிறது.

முதல் படி: வயதைப் பற்றிய பயத்தை ஓரமாக வையுங்கள்

லண்டனில் இருக்கும் மச்சான் சொல்லியிருப்பார்: இருபது வயதுப் பையனுக்கு அங்கே இன்சூரன்ஸ் காரின் விலையையே தொட்டுவிடும் என்று. அந்த ஊரில் ஓட்டுநரின் வயதுதான் பெரிய விஷயம். நம் நாட்டில் அமைப்பே வேறு. இங்கே பாலிசி வண்டியை ஒட்டியது. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் உங்கள் சம்மதத்தோடு ஓட்டினாலும் அது பொருந்தும்.

பாலிசியில் இரண்டு பாகம். ஒன்று தேர்ட் பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு. இதன் விலையை அரசே நிர்ணயிக்கிறது, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே தொகை. இன்னொன்று ஓடி (OD), அதாவது நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு. நம் ஊரில் இரண்டையும் சேர்த்து "ஃபர்ஸ்ட் பார்ட்டி" என்போம். ஓடியில்தான் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். 2002இல் வந்த மோட்டார் தாரிஃப் புத்தகம் இதற்கு ஒரு விகிதப் பட்டியல் வைத்திருந்தது. 2007 ஜனவரியிலிருந்து கம்பெனிகள் தங்கள் விலையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. ஆனாலும் அந்தப் பழைய பட்டியலை அடித்தளமாக வைத்து, அதில் தள்ளுபடி போட்டுத்தான் பலரும் இன்றும் விலை சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஓட்டுநரின் வயது என்ற கட்டமே கிடையாது. சிசி (இஞ்சினின் கொள்ளளவு), வண்டியின் வயது, மதிப்பு, பதிவான ஊர், இவ்வளவுதான்.

வயது நுழையும் இடம் தள்ளுபடிதான். சில கம்பெனிகள் பிறந்த தேதியைப் பார்த்து அதைக் கூட்டிக் குறைக்கும், சில பார்க்காது. அதனால் ஒரே காருக்கு நாலு இடத்தில் நாலு விலை வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

இரண்டாம் படி: அட்வான்ஸ் கொடுக்கும் முன் சிசியைப் பாருங்கள்

2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த தேர்ட் பார்ட்டி பட்டியல் இது: 1000 சிசி வரை ரூ. 2,094, 1000க்கு மேல் 1500 வரை ரூ. 3,416, 1500க்கு மேல் ரூ. 7,897. புதுக் கார் என்றால் மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். அப்போது முறையே ரூ. 6,521, ரூ. 10,640, ரூ. 24,596. பாலிசி போடும் நாளில் இந்தத் தொகைகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், அரசு அவ்வப்போது திருத்தும்.

இந்தப் பட்டியலில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. மாங்காய் மண்டிக்காரரின் பழைய 2.5 லிட்டர் இன்னோவாவும், ஐந்து லிட்டர் மஸ்டாங்கும் ஒரே ரூ. 7,897தான் கட்டுகின்றன. அரசின் கணக்குக்கு வேகம் தெரியாது, சிசி மட்டும்தான் தெரியும். இது இளைஞர்களுக்குச் சாதகம். டர்போ இஞ்சின்கள் சின்ன சிசியில் பெரிய இழுவை தருகின்றன. ஹூண்டாய் ஐ20 என் லைன் 998 சிசி, 120 பிஎஸ் (குதிரைத்திறன்). அது மாருதி ஆல்டோ கட்டும் அதே ரூ. 2,094தான் கட்டும். ஃபோக்ஸ்வாகன் விர்டுஸ் ஜிடியின் 1.5 டர்போ 1498 சிசி, 150 பிஎஸ். எல்லைக்கு இரண்டே சிசி உள்ளே, நடுக் கட்டத்தில் நிற்கிறது. ஆக்டேவியா ஆர்எஸ் 1984 சிசி, மினி கூப்பர் எஸ் 1998 சிசி. இரண்டும் மேல் கட்டம்.

எலெக்ட்ரிக் என்றால் சிசிக்குப் பதில் கிலோவாட். 65க்கு மேலே போனால் ரூ. 6,712.

அடுத்தது ஐடிவி. கார் திருடு போனாலோ முழுக்க நொறுங்கினாலோ கம்பெனி தரும் உச்சத் தொகை அது, ஓடி பிரீமியம் அதன் மேல்தான் கணக்காகும். புது விலையிலிருந்து முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 என்று கழிப்பார்கள். அதற்கு மேல் இரு தரப்பும் பேசி வைப்பது.

அந்தப் பையனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் போடுகிறேன். அந்த ஆக்டேவியா ஐந்து வயதைத் தாண்டியது, ஐடிவி 20 லட்சம். தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றிய பிறகு என்று வைத்துக்கொண்டால் பழைய பட்டியலின்படி 3.510 சதவீதம், அதாவது ரூ. 70,200. கம்பெனி பாதி தள்ளுபடி தருகிறது என்று வைத்தேன், ரூ. 35,100. தேர்ட் பார்ட்டி ரூ. 7,897. ஜிஎஸ்டி 18 சதவீதம். மொத்தம் சுமார் ரூ. 50,700. இதே பையன் ஐந்து வயதுக்குள் இருக்கும் ஒரு என் லைனை 9 லட்சம் ஐடிவியில் எடுத்தால்? 3.039 சதவீதம், ரூ. 27,351. பாதி தள்ளுபடி போக ரூ. 13,675. தேர்ட் பார்ட்டி ரூ. 2,094. ஜிஎஸ்டியோடு ரூ. 18,600. வித்தியாசம் ரூ. 32,000, ஒவ்வொரு வருடமும். தள்ளுபடி ஆளுக்கு ஆள் மாறும், அதற்கேற்ப இந்த இடைவெளியும் கூடிக் குறையும், ஆனால் ஆக்டேவியாதான் எப்போதும் அதிகம் கேட்கும்.

காரின் விளம்பரத்தைப் பார்த்தவுடனே பதிவு எண்ணை வைத்து ஒரு கொட்டேஷன் எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

மூன்றாம் படி: யார் பெயரில் வாங்குவது?

இங்கேதான் பணம் மிச்சமாகும், இங்கேதான் குழியும் இருக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

கிளைம் இல்லாமல் ஓட்டினால் அடுத்த வருட ஓடியில் தள்ளுபடி தருவார்கள். ஒரு வருடத்துக்கு 20 சதவீதம், தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. அதுதான் நோ கிளைம் போனஸ், சுருக்கமாக என்சிபி. பலருக்கும் தெரியாத விஷயம், இது காருக்குச் சொந்தமில்லை, காரின் உரிமையாளருக்குச் சொந்தம். அப்பா தன் பழைய ஸ்விஃப்டை விற்கிறார், அவருக்கு 50 சதவீதம் சேர்ந்திருக்கிறது என்றால், விற்றதும் கம்பெனியிடம் என்சிபி லெட்டர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அது மூன்று வருடம் செல்லும். அந்த லெட்டரை அப்பா பெயரில் வாங்கும் அடுத்த காருக்குப் போட்டால், முதல் நாளிலிருந்தே ஓடி பாதியாகும். மேலே சொன்ன என் லைனுக்கு ரூ. 18,600 இருந்த இடத்தில் ரூ. 10,500 போல வரும்.

வெளிநாட்டில் மகன் ஓட்டும் காரை அப்பா பெயரில் காட்டினால் மோசடி என்பார்கள். நம் நாட்டில் பிரச்சினை இல்லை. அப்பா உண்மையான உரிமையாளர், மகனுக்கு லைசென்ஸ் இருக்கிறது என்றால் வண்டிக்கான கிளைம் நிற்கும்.

குழி எங்கே என்றால், மகனின் உயிரில். ஃபர்ஸ்ட் பார்ட்டி பாலிசியோடு வரும் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு, உரிமையாளர் தானே ஓட்டும்போது அவருக்கு மட்டும். அப்பா காரை மகன் ஓட்டி அவனுக்கே ஏதாவது ஆனால், அந்த 15 லட்சம் அவனுக்குக் கிடையாது. தேர்ட் பார்ட்டியில் கேட்கலாமே என்றால் அதுவும் கஷ்டம். இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அவர் மூன்றாம் நபர் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009இலேயே சொல்லிவிட்டது. ஆக, அப்பா பெயரில் எடுப்பது என்று முடிவு செய்தால், மிச்சமாகும் எட்டாயிரத்தில் ஒரு பகுதியைப் போட்டு ஓட்டுகிற பையன் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். இதை எடுக்காமல் என்னிடம் வருபவர்களுக்கு நான் பாலிசி போடுவதற்குக் கொஞ்சம் தயங்குவேன். வியாபாரம் போனாலும் பரவாயில்லை.

இன்னொரு சின்ன விஷயம். அப்பா பெயரில் சேரும் என்சிபி, பிறகு காரை மகன் பெயருக்கு மாற்றினால் மகனுக்கு வராது. வாரிசாக வரும்போது மட்டும் வரும். நீங்கள் இன்னும் இருபது வருடம் கார் ஓட்டப் போகிறீர்கள், உங்கள் பெயரில் இன்றே சேமிக்கத் தொடங்குவதா, அப்பாவின் 50 சதவீதத்தை இன்று அனுபவிப்பதா என்பது உங்கள் கணக்கு. விலை உயர்ந்த கார் என்றால் அப்பா பெயர், பத்து லட்சத்துக்குள் என்றால் சொந்தப் பெயர். நான் இப்படித்தான் சொல்வேன்.

நான்காம் படி: செகண்ட் ஹேண்ட் என்றால் 14 நாள்

இது என் சொந்த அனுபவம். எனக்கு அப்போது 25 வயது, இன்சூரன்ஸ் வேலைக்கு வராத காலம். சேலத்தில் ஒரு பழைய மாருதி பலேனோ வாங்கினேன், அந்தக் காலத்து செடான். விற்றவர் பாலிசியைக் கையில் கொடுத்தார், இன்னும் ஏழு மாதம் இருந்தது. "இன்சூரன்ஸ் இருக்கு" என்று டேஷ்போர்டில் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். ஒன்றரை மாதம் கழித்து, தொப்பூர் கணவாய் இறக்கத்தில், முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் அடித்தது. நான் அதன் பின்னால் போய் மோதினேன். பானெட் மடிந்து கண்ணாடியைத் தொட்டது, ரேடியேட்டர் உடைந்து பச்சைத் தண்ணீர் ரோட்டில் ஓடியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

கிளைம் போட்டேன். பாலிசி இன்னும் விற்றவர் பெயரில் இருந்தது. கம்பெனி ஒரு பைசா தரவில்லை. விதிப்படி அவர்கள் செய்தது சரி என்பது பின்னால்தான் புரிந்தது. கார் கைமாறினால் தேர்ட் பார்ட்டி பாகம் தானாகவே புது உரிமையாளருக்கு வந்துவிடும். ஓடி பாகம் வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி, பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு அந்த டிங்கரிங் கடைக்குப் போயிற்று.

அதனால் கார் கைக்கு வந்த அன்றே இதைச் செய்யுங்கள்: விற்றவரின் பாலிசி நகல், இருவரும் கையெழுத்திட்ட பெயர் மாற்றப் படிவங்கள், ஆர்சி, உங்கள் கேஒய்சி, இவற்றை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு மெயில் போடுங்கள். விற்றவருக்கு என்சிபி தள்ளுபடி இருந்திருந்தால், மீதமுள்ள மாதங்களுக்கு அந்தத் தள்ளுபடியை உங்களிடம் வசூலிப்பார்கள். அது சரிதான், அவருடைய போனஸ் உங்களுக்குச் சேராது. இந்த மாற்றத்துக்கான தொகை, புதுப் பாலிசியின் விலை இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில சமயம் புதுசே லாபம்.

கேஏ நம்பர் பற்றி

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பெங்களூரில் வாங்கும் காரை கர்நாடகத்து கேஏ நம்பரிலேயே வைத்துக்கொள்வதா, டிஎன் 24, 29, 70 என்று மாற்றுவதா? சட்டப்படி 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் மாற்றியே ஆக வேண்டும், அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி. இன்சூரன்ஸில் என்ன வித்தியாசம்? பெங்களூர், சென்னை உட்பட எட்டு பெரிய நகரங்கள் ஒரு மண்டலம், மற்ற ஊரெல்லாம் இன்னொன்று. 20 லட்சம் ஆக்டேவியாவுக்கு பெங்களூர் விகிதம் 3.612, நம் ஊர் 3.510. தள்ளுபடிக்குப் பிறகு ஆயிரம் ரூபாய்ச் சொச்சம்தான் குறையும். இதற்காக யாரும் எதையும் மாற்ற வேண்டாம், ஆனால் நம்பர் மாறினால் பாலிசியிலும் மாற்றியாக வேண்டும். நான் பார்த்தவரை பாதிப் பேர் இதை மறக்கிறார்கள்.

ஐந்தாம் படி: விலை கேட்கும் கலை

மூன்று இடத்தில் கேளுங்கள்: ஒப்பீட்டு ஆப், ஒரு கம்பெனியின் நேரடி வெப்சைட், தெரிந்த ஏஜெண்ட். அரசுக் கம்பெனிகள் நான்கையும் விட்டுவிடாதீர்கள்.

கேட்கும்போது ஐடிவியை ஒரே எண்ணில் வைத்துக் கேளுங்கள். ஆப்கள் முதல் பார்வைக்கு மலிவாகத் தெரிய வேண்டும் என்று ஐடிவியைக் குறைவாக வைத்துக் காட்டும். ஒரு லட்சம் ஐடிவி குறைந்தால் பிரீமியத்தில் ஓரிரண்டு ஆயிரம்தான் மிச்சம், ஆனால் கார் காணாமல் போனால் ஒரு லட்சம் உங்கள் கையிலிருந்து. கொட்டேஷனில் ஓடி, தேர்ட் பார்ட்டி, ஆட்-ஆன் (கூடுதல் பாதுகாப்பு), ஜிஎஸ்டி தனித்தனியாக வர வேண்டும். ஒரே தொகையாகச் சொல்பவரிடம் பிரித்துக் கேளுங்கள்.

புதுக் கார் எடுக்கும்போது "இன்சூரன்ஸ் எங்ககிட்டதான் சார் எடுக்கணும்" என்று ஷோரூமில் சொல்வார்கள். கட்டாயமில்லை. வெளியே வாங்கிய கொட்டேஷனை அவர்கள் முன் வைத்தால் அவர்கள் விலையே குறைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் கட்டுவது தேர்ட் பார்ட்டிக்கு மட்டும். ஓடியை ஒவ்வொரு வருடமும் வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வாரக்கடைசியில் மட்டும் ஓகேனக்கல், ஏற்காடு என்று எடுக்கும் காருக்கு, ஓட்டும் தூரத்துக்கு ஏற்பக் கட்டும் பாலிசி ஒன்று இருக்கிறது. 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இதற்கு வழி திறந்தது. வேலைக்கு பஸ்ஸில் போய்வருபவர்களுக்கு ஓடி நன்றாகவே குறையும். கிலோமீட்டர் தீர்ந்த பிறகு டாப்-அப் செய்யாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை மட்டும் பாலிசியில் படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழைய உபாயம், விருப்பக் கழிவு. கிளைமில் முதல் இவ்வளவு ரூபாய் நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் ஓடி குறையும். கட்டாயக் கழிவு 1500 சிசி வரை ரூ. 1,000, அதற்கு மேல் ரூ. 2,000 எப்படியும் உண்டு. அதற்கு மேல் இது. பழைய பட்டியலில் ரூ. 15,000 ஏற்றுக்கொண்டால் 35 சதவீதம் தள்ளுபடி என்று இருக்கும், கூடவே "அதிகபட்சம் ரூ. 2,500" என்றும் இருக்கும். 2,500க்காக 15,000 ரிஸ்க். கம்பெனி இந்த உச்சவரம்பை நீக்கியிருந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் வேண்டாம்.

ஆறாம் படி: ஆட்-ஆன், நம் ஊர் ரோட்டைப் பார்த்து

எல்லாவற்றையும் டிக் அடித்தால் பிரீமியம் எகிறும், எதையுமே எடுக்கவில்லை என்றால் கிளைம் நேரத்தில் அழ வேண்டும். நம் மாவட்டத்து ரோட்டில் ஓடும் தாழ்வான காருக்கு நான் சொல்லும் வரிசை இது.

முதலில் பம்பர் டு பம்பர், அதாவது தேய்மானம் கழிக்காத பாலிசி. இது இல்லையென்றால் பம்பர் போன்ற பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்குப் பாதி விலைதான் தருவார்கள். ஃபைபருக்கு 30 சதவீதம் கழியும். இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து. கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. ஸ்போர்ட்ஸ் காரின் முன்பகுதி முழுக்க பிளாஸ்டிக்தான், ஒரு பம்பர் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். பொதுவாக ஐந்து வயது வரை கிடைக்கும், வருடத்துக்கு எத்தனை கிளைம் என்று பாருங்கள்.

அடுத்தது ரோட்டோர உதவி. சாதாரணமாக இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் இங்கே அவசியம். விபத்தான காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக அடிப்படைப் பாலிசி தருவது ரூ. 1,500 மட்டும். உங்கள் காருக்கான ஒர்க்‌ஷாப் பெங்களூரில் என்றால், கிருஷ்ணகிரியிலிருந்தே 90 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து இன்னும் அதிகம். தாழ்வான காரைக் கயிறு கட்டி இழுக்க முடியாது, மேடை வண்டியில்தான் ஏற்ற வேண்டும். ஆட்-ஆனில் எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்று கேளுங்கள். 50 கிலோமீட்டர் என்றால் நமக்குப் பாதி வழிதான்.

மூன்றாவது, இஞ்சின் பாதுகாப்பு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வண்டிகள் வெள்ளத்தில் உருண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். வெள்ளத்தில் மூழ்கி சீட், வயரிங் கெட்டால் சாதாரண ஃபர்ஸ்ட் பார்ட்டியே தரும். தண்ணீருக்குள் ஸ்டார்ட் பண்ணி இஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டால், அது விபத்தின் நேரடிச் சேதம் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். வெள்ளம் மட்டுமா? பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் கிராமத்து வேகத்தடை ஒன்றில் சம்ப் (இஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) அடிபட்டு ஆயில் ஒழுகினால், அப்படியே பத்து கிலோமீட்டர் ஓட்டி இஞ்சின் ஜாம் ஆனாலும் இதே கதைதான். ஆட்-ஆன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடியில் சத்தம் கேட்டால் நிறுத்தி ஆஃப் பண்ணுங்கள்.

மெல்லிய டயர் போட்ட கார் என்றால் டயர் ஆட்-ஆன் யோசிக்கலாம், டயர் மட்டும் கிழிந்தால் சாதாரணப் பாலிசி தராது. புது விலையைத் திருப்பித் தரும் ஆட்-ஆன், லோன் போட்டு வாங்கிய புதுக் காருக்கு மட்டும். சாவி, உடைமை, தினப்படி எல்லாம் விட்டுவிடலாம்.

ஏழாம் படி: மறைக்காதீர்கள்

இஞ்சின் கம்ப்யூட்டரைத் திருத்தி சக்தி கூட்டும் ஸ்டேஜ் ஒன் ரீமேப், சத்தம் போடும் எக்ஸாஸ்ட், பெரிய வீல், நிறம் மாற்றுவது. இவற்றைச் செய்துவிட்டு கம்பெனியிடம் சொல்லாமல் இருப்பதுதான் இளைஞர்களின் கிளைம் நிற்கும் இடம். ஆர்சியில் உள்ள விவரத்தை மாற்றும் எந்த வேலையும் ஆர்டிஓவில் ஏறாமல் செய்யக்கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 அதைத்தான் சொல்கிறது. மியூசிக் சிஸ்டம், கேமரா மாதிரி மின்னணுப் பொருட்களை மதிப்பு சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம், மதிப்பில் 4 சதவீதம் போலக் கூடும்.

இருங்காட்டுக்கோட்டை, கோவை காரி மாதிரி டிராக்கில் ஓட்டப் போகிறீர்களா? ரேஸ், வேகச் சோதனை எல்லாம் பாலிசிக்கு வெளியே. நண்பனின் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டாலும் அப்படியே, தனியார் கார் பாலிசி கூலிக்கு ஓடும்போது செல்லாது. இரவல் கேட்கும் தம்பிக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பதினெட்டு ஆகாதவன் ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ ரூ. 25,000 அபராதம், சிறை வரை போகும்.

பழைய பாலிசியில் கிளைம் வாங்கிவிட்டு, புதுக் கம்பெனியிடம் "கிளைம் இல்லை" என்று சொல்லி என்சிபி வாங்குவதும் இதே வகை. அவர்கள் பழைய கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், அதுவும் நீங்கள் கிளைம் போடும்போதுதான் கேட்பார்கள்.

எட்டாம் படி: எடுத்த பிறகு

பாலிசி வந்ததும் இஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், பெயரின் எழுத்து எல்லாவற்றையும் ஆர்சியோடு ஒப்பிடுங்கள். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் பண்ணிப் பாருங்கள், போலிப் பாலிசிகள் உலவுகின்றன. அரசின் எம்பரிவாகன் ஆப்பிலும் சில நாளில் தெரிய வேண்டும்.

புதுப்பிக்கும் தேதியைத் தவற விடாதீர்கள். ஒரு நாள் தாண்டினாலும் அந்த நாளில் காப்பீடு இல்லை, மறுபடி வண்டியைக் காட்டிப் படம் எடுத்துத்தான் போடுவார்கள். 90 நாள் தாண்டினால் சேர்த்த என்சிபி முழுக்கப் போய்விடும். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல்முறை ரூ. 2,000, அடுத்த முறை ரூ. 4,000, மூன்று மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது.

கிளைமைக் காரணமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லலாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஐஆர்டிஏஐ உதவி எண் 155255.

சரி, அந்தக் காவேரிப்பட்டணத்துப் பையன்? அட்வான்ஸ் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் தேடி, சொந்தப் பெயரிலேயே ஒரு என் லைன் எடுத்தான். போன வாரம் போன் பண்ணினான். கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் பின்னால் வந்த வேன் பம்பரில் கீறிவிட்டுப் போய்விட்டதாம். "கிளைம் போடலாமாண்ணா?" படத்தைப் பார்த்தேன். பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்க ரூ. 4,500 சொல்லியிருக்கிறார்கள். கட்டாயக் கழிவு 1,000 போக, கம்பெனி தருவது அதிகபட்சம் 3,500. கிளைம் போட்டால் அடுத்த வருடம் வரவிருந்த 20 சதவீதம் போகும், அதற்கு அடுத்த வருடம் 25க்குப் பதில் 20, அப்புறம் 35க்கு 25, 45க்கு 35, 50க்கு 45. ஐந்து வருடத்தில் கூட்டினால் மொத்தம் 50, ஒரு வருட ஓடியில் பாதி. ஐடிவி குறைவதைக் கழித்தாலும் ஐந்தாயிரத்துக்கு மேல். ராயக்கோட்டை ரோட்டில் எனக்குத் தெரிந்த பெயிண்டரின் நம்பரை அனுப்பி வைத்தேன்.